நோமாட் தேடி மூன்று நாள்

வியாழக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு என் மகளுடைய போன் தொடர்பு எல்லைக்கு வெளியே போனது. நான் அப்போது குலசேகரத்தில் ஒரு சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, சூடான பழம்பொரியைக் காகிதத்தில் ஒற்றி எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. மறுபடி அழைத்தேன். அதே பெண்குரல், அதே வாசகம், தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை. பழம்பொரி ஆறிப்போனது.

இப்போது வேறு யாரை அழைக்கும்போது அந்தக் குரல் கேட்டாலும் நான் உடனே மகளுடைய நம்பருக்கு அழைத்துப் பார்க்கிறேன். ஆனாலும் மகளை மங்கோலியாவுக்கு அனுப்பச் சம்மதித்துவிட்டேன். இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று தங்கை கேட்டாள், பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள், பக்கத்து வீட்டில் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல முடியவில்லை. அந்த மூன்று நாளையும் அப்படியே எழுதிவிடுகிறேன்.

நாங்கள் புறப்பட்டது ஆங்கில வார்த்தைகளுக்காக. மகள் நஸ்ரின், வயது இருபத்து மூன்று, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் கிராம வளர்ச்சி பற்றிய மேல்படிப்புக்கு மனுப் போட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டர் வழியாக நேர்காணல். படிப்பில் பாதி நாள் வகுப்பறையில். மீதி மங்கோலியாவில், மந்தையோடு இடம் மாறிக்கொண்டே இருக்கிற குடும்பங்களோடு. "அங்க எல்லா எடத்துலயும் டவர் இருக்காது உம்மா. டவுனுக்கு வரும்போ கூப்பிடுவேன்" என்று தலை சீவிக்கொண்டே அவள் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

நான் கோட்டாற்றில் பிறந்து, கோட்டாற்றிலேயே வாழ்க்கைப்பட்டு, பேருந்தில் நாலாவது நிறுத்தத்தில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் வணிகவியல் நடத்துகிறவள். கணவருக்குக் கம்போளம் சந்தையில் மளிகைக் கடை. பொழுது அடைந்ததும் மஃரிப் தொழுகைக்கு வாங்கு சொல்லும்போது பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்க வேண்டும், அதன்பிறகு தெருக்கதவைச் சாத்திவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நஸ்ரின் கல்லூரி முடித்த பிறகும் அது மாறவில்லை. மங்கோலியாவில் வாங்கு எத்தனை மணிக்கு என்று நான் யாரிடம் கேட்பேன்?

நாகர்கோவிலில் அவளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிற சார் வார்த்தைகளைக் கொடுத்திருந்தார். நோமாடிக், பாஸ்டோரல், செடன்டரி, லைவ்லிஹுட், பெனிஃபிஷியரி, கவர்னன்ஸ். எல்லாம் நோமாட் என்கிற நாடோடிகளையும் அரசாங்கத்தையும் கிராமங்களையும் பற்றிப் பேசும்போது வருகிற வார்த்தைகள். அவள் அர்த்தங்களை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். சார் கொட்டாவி விட்டாராம். "அர்த்தம் ஆருக்குத்தான் தெரியாது மக்ளே? ஒவ்வொரு வார்த்தைக்கும் நீ கண்ணால கண்ட ஒரு ஆளச் சொல்லு. ஒனக்க ஊர்ல உள்ள ஆளு."

"நம்ம ஊர்ல ஏது நோமாடு? எல்லாவனும் லோன் போட்டு மாடி கெட்டி இருக்கான்" என்றார் என் கணவர். பிறகு என்னைப் பார்த்து, "நீயும் கூடப் போ. பரீட்சைதான் முடிஞ்சாச்சே" என்றார். நோன்புப் பெருநாள் முடிந்த வாரம் அது. மிச்சமிருந்த அச்சுமுறுக்கை டப்பாவில் போட்டுக்கொண்டு செவ்வாய்க்கிழமை காலையில் நாங்கள் புறப்பட்டோம். வார்த்தைகள் நஸ்ரினுடைய போனில் இருந்தன. கேள்வி கேட்கிற வேலை என்னுடையது.

முதல் நோமாடைக் கண்டுபிடித்தது எங்கள் திறமை இல்லை, பேருந்துதான். தோவாளை தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால் சாலை முழுக்கச் செம்மறியாடு. ஓட்டுநர் ஹாரன் அடிப்பதை விட்டுவிட்டுச் செய்தித்தாளை விரித்தார். "எறங்குதவிய எறங்கலாம்" என்று நடத்துநர் அறிவித்தார். "இந்த ஆட்டுக்க மனசுல என்ன இருக்குண்ணு எனக்குத் தெரியாது." நஸ்ரின் எழுந்து நின்றுவிட்டாள். டிக்கெட் ஆரல்வாய்மொழி வரை எடுத்திருந்தோம். போகட்டும் என்று இறங்கினோம்.

ஆடுகளின் பின்னால் வந்தவர் பெயர் கருப்பையா. ராமநாதபுரம் பக்கம். என் வயதுதான் இருக்கும். அறுவடை முடிந்த வயல்களில் இரவு ஆடுகளை அடைத்துக் கிடை போடுகிறவர். புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரமாகும், வயல்காரர் அதற்குக் கூலி கொடுப்பார். அன்றைக்கு ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கு மந்தை மாறிக்கொண்டிருந்தது. நாங்களும் பின்னாலேயே நடந்தோம். செருப்புக்குள் எல்லாம் புழுக்கை. கறுப்புக்கல் மலையும், காற்றாலையும், வெட்டிய நெல்தாளின் மணமுமாக அந்த நடை நன்றாகத்தான் இருந்தது. பேருந்து எங்களைக் கடந்து போகும்போது நடத்துநர் கை காட்டினார்.

வாய்க்கால் கரையில் இருந்த ஒரு தென்னை நிழலில் ஆட்டுப்பால் டீ போட்டுக் கொடுத்தார் கருப்பையா. ஒரு மடக்கு குடித்ததும் மீதியை என்ன செய்வது என்று யோசித்தேன். நஸ்ரின் முழு டம்ளரையும் குடித்துவிட்டு இன்னும் கேட்டாள். நான் பதிலுக்கு அச்சுமுறுக்கை நீட்டினேன்.

"அரசாங்கத்துல உங்களுக்கு ஏதாவது திட்டம் உண்டுமா அண்ணாச்சி?" என்று நஸ்ரின் கேட்டாள். ஆட்சி நிர்வாகம் என்கிற கவர்னன்ஸ் வார்த்தைக்கு ஆள் தேடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது.

"இருக்குங்கிறாங்க தாயி" என்றார் அவர். "ஊர்ல வந்து கணக்கெடுக்கும்போது நாங்க இங்கிட்டு இருப்போம். நாங்க ஊருக்குப் போனா கணக்கு முடிஞ்சிருச்சும்பாங்க. ஓட்டுக்கு மட்டும் போனப் போட்டுக் கரெக்டா கூப்பிட்டுருவாங்க. நாங்க எந்த வயல்ல கிடக்கோம்னு அப்ப மட்டும் எப்படித் தெரியுதோ!"

வயல்காரர் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். மகள் அவருக்கும் வார்த்தைகளைச் சொல்லிக் காட்டினாள். திட்டத்தால் பயன்பெறுகிறவர் என்ற பொருளில் 'பெனிஃபிஷியரி' வந்ததும் அவர் கையை உயர்த்தினார். "அது எனக்குத் தெரியும் பிள்ளே. ஆபீஸ்ல அவிய போர்டு வச்சிருப்பினும். அதுல எனக்க பேரு மட்டும் காணாது. ஆனா நெசமா உள்ள பெனிஃபிஷியரி நானாக்கும். இவனுக்க ஆடு போட்டதுல எனக்க வயலு வெளையும். அத ஒரு போர்டுல எழுதச் சொல்லணும்."

"அப்ப கூலியக் கூட்டிக் குடுங்க மொதலாளி" என்றார் கருப்பையா.

"ஏலே, நீ பாடத்துக்க எடையில வியாபாரம் பேசாத!"

மாலையில் வீடு திரும்பும் பேருந்தில் நோமாடிக், பாஸ்டோரல், பெனிஃபிஷியரி மூன்றும் முடிந்துவிட்டதாக நஸ்ரின் சொன்னாள். "செடன்டரிக்கு?" என்று கேட்டேன். ஓரிடத்திலேயே நிலைத்து வாழ்கிற என்று பொருள். அவள் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். "அதுக்கு வேற ஆளு தேடணுமா உம்மா? கோட்டாறு டு கோட்டாறு." எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவ்வளவு வரவில்லை.

புதன்கிழமை கடியப்பட்டணம். போகிற வழியில் பேருந்துக்குச் சக்கரம் பஞ்சர். மாற்றுச் சக்கரம் இருந்தது, அதை ஏற்றுகிற ஜாக்கி இல்லை. பயணிகள் எல்லாரும் இறங்கி, ஜாக்கி இல்லாமல் வண்டியை அனுப்பிய நிர்வாகத்தைப் பற்றி ஆளுக்கொரு கருத்துச் சொன்னோம். "உம்மா, கவர்னன்ஸ்" என்று காதில் சொன்னாள் நஸ்ரின். பின்னால் வந்த மணல் லாரிக்காரர் ஜாக்கி கொடுத்தார். "டீசென்ட்ரலைசேஷன்" என்றாள், அதிகாரப் பரவல். எங்களோடு நின்ற ஒரு பெரியவர் அது என்ன மருந்து என்று விசாரித்தார்.

கடற்கரையில் வள்ளங்கள் வந்துவிட்டிருந்தன. சாளை மீன் வெள்ளியாகக் குவிந்து கிடந்தது. மீன் விற்றுக்கொண்டிருந்த ஃபிலோமினா என்ற பெண் முதலில் எங்களை வாங்க வந்தவர்கள் என்று நினைத்தாள். வார்த்தைகளுக்காக வந்தோம் என்றதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"நோமாடுண்ணா?"

"ஒரே எடத்துல இருக்காம, தொழிலுக்காக எடம் மாறி மாறிப் போறவங்க அக்கா."

"வீடு இல்லாதவனா?"

"வீடு இருக்கலாம்."

"அப்ப சரி. எங்களுக்கு வீடு உண்டு, வீட்டுல ஆளில்ல. எனக்க மாப்பிள கேரளத்துல கெடப்பாரு, சீசன் மாறினா கர்நாடகத்துல கெடப்பாரு. கோயில் திருநாளுக்கு வருவாரு, கிறிஸ்மசுக்கு வருவாரு. வந்து பத்து நாளு நிண்ணா எனக்கே யாரு இந்த ஆளுண்ணு தோணும்." பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். "எழுதிக்கோ மக்ளே. அவரு நோமாடு. நான் நோமாடுக்க பெஞ்சாதி."

நான் கேட்க நினைத்தது வேறு. நஸ்ரின் கொஞ்சம் தள்ளிப் போய்ப் படம் எடுக்கும்போது கேட்டேன். "கடலுக்குள்ள போன பெறவு போன் எடுக்குமா?"

"கரைய விட்டா எங்க எடுக்கும்?"

"பயமா இருக்காதா?"

அவள் ஒரு சாளையைத் தூக்கி ஈயை விரட்டினாள். "இருக்கும். மீனும் விக்கணும்லா." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மகளு எங்கயோ போகுது, இல்லியா?" என்றாள். நான் தலையாட்டினேன். அவள் குவியலிலிருந்து நல்ல மீனாகப் பொறுக்கினாள். சாளையைக் குறைந்த விலைக்குக் கொடுத்தாள்.

மதியம் சாலையோரக் கடை ஒன்றில் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும். குடம்புளி போட்ட சிவந்த குழம்பு. கோட்டாற்றில் நாங்கள் வைக்கிற மீன்குழம்பில் தேங்காய் கூடுதல். இதில் மிளகாய்க்குத்தான் அதிகாரம். எங்கள் இருவருக்கும் மூக்கில் தண்ணீர் வடிந்தது. இரண்டாம் முறையும் கிழங்கு கேட்டு வாங்கினேன். பயணத்தில் நான் நன்றாகச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். மங்கோலியாவில் மீன் உண்டா என்று கேட்டேன். "ஆடு உண்டு உம்மா. காலையில ஆடு, மத்தியானம் ஆடு, ராத்திரி ஆடு." ஹலாலா என்று கேட்க வாயெடுத்து, அந்த நல்ல சாப்பாட்டைக் கெடுக்க வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டேன்.

வியாழக்கிழமை தேனீக்காரர்கள். ராஜமணியும் அவர் மனைவி புஷ்பமும் எங்கள் கடைக்குப் பல வருஷமாகத் தேன் கொண்டுவந்து போடுகிறவர்கள். அதனால் அது தெரியாத இடத்துக்குப் போவது போல் இல்லை, உறவுக்காரர் வீட்டுக்குப் போவது போலத்தான். பிள்ளையை நம்பி விட்டது ஏன் என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

குலசேகரத்துக்கு மேலே ரப்பர் தோட்டம் ஒன்றில் அவர்களுடைய பெட்டிகள் இருந்தன. ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர்விடும் காலத்தில் அந்தத் தளிர்க் காம்பில் தேன் சுரக்கும். அந்தக் காலம் முடிந்தால் பெட்டிகளைத் தென்னந்தோப்புக்கு மாற்றுவார்கள், பிறகு புளி பூக்கிற இடத்துக்கு, பிறகு கேரளத்துக்கு. இவர்களும் மந்தைதான் மேய்க்கிறார்கள் என்று நஸ்ரின் குதித்தாள். நாங்கள் போன அன்று ரப்பரின் கடைசி நாள். சாயங்காலம் பெட்டிகளை டெம்போவில் ஏற்றி மலையிறங்கித் தென்னந்தோப்புக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு.

தோட்டம் அழகாக இருந்தது. வரிசை வரிசையாக மரம், கீழே குளிர்ந்த பச்சை வெளிச்சம். புஷ்பம் முகத்துக்கு வலைகூடப் போடாமல் அடையைத் தூக்கி எங்களுக்குக் காட்டினாள். நஸ்ரின் விரலால் தேனைத் தொட்டு நக்கினாள். கஞ்சியும் பயறும், கூடத் தேங்காய்த் துவையலும் தந்தார்கள்.

"எப்ப பெட்டிய எடுப்பிய?" என்று கேட்டேன்.

"பொழுது அடையணும் டீச்சர்" என்றாள் புஷ்பம். "தேனீ எல்லாம் மேய்ச்சலுக்குப் போயிருக்கு. வீட்டுக்கு வந்த பெறவுதான் வாசல அடைக்க முடியும்."

எங்கள் வீட்டு மஃரிப் சட்டத்தைச் சொன்னேன். அவள் கைகொட்டிச் சிரித்தாள். "அப்பம் உங்க வீடும் எங்க பெட்டியும் ஒரே மாதிரி. பொழுது அடைஞ்சா எல்லாரும் உள்ள!"

அப்போதுதான் ஒரு தேனீ என் காது மடலில் கொட்டியது. பிறகு இன்னொன்று, கழுத்தில். காது பலாச்சுளை போல வீங்கியது. "உங்களுக்க மல்லிப்பூ வாசனை அதுக்குப் பிடிக்கல்ல" என்றார் ராஜமணி. தோட்டத்து ஜீப் ஒன்று இறக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அதில் என்னைக் குலசேகரத்துக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. பெட்டி ஏற்றுவதைப் பார்க்காமல் வரமாட்டேன் என்றாள் நஸ்ரின். "பொழுது அடையும்போ டெம்போல கொண்டுவந்து உங்க கையில தாறோம் டீச்சர்" என்றார் ராஜமணி. பொழுது அடைவது என்றால் எனக்கு மஃரிப் வாங்கு. அந்த நேரத்தில் மகள் என் முன்னால் நிற்பாள் என்று நான் கணக்கு வைத்துக்கொண்டேன். அவர்கள் சொன்னது தேனீ அடைகிற நேரம். இரண்டும் ஒன்றுதான் என்று சிரித்துக்கொண்டிருந்த எனக்கு, மழை பெய்தால் இரண்டும் வேறு வேறு நேரமாகிவிடும் என்பது தோன்றவில்லை.

சாயாக்கடையில் வந்து உட்கார்ந்ததும் மழை கொட்டியது. இடி வேறு. மழை விட்டபோது மகள் கூப்பிட்டாள். "நாங்க ஷெட்டுல நனையாம இருக்கோம். ஆனா ஈ…" அவ்வளவுதான் கேட்டது. பிறகு ஐந்தே முக்கால், அந்தப் பெண்குரல்.

"மேல உள்ள டவர்ல கரண்டு போயிருக்கும்" என்றார் கடைக்காரர் தங்கப்பன். "இடி வெட்டினா இஞ்ச எப்பளும் உள்ளதாக்கும். ஒண்ணும் பேடிக்காண்டாம்."

பக்கத்து பெஞ்சில் ரப்பர் வெட்டுக்கு வந்த வடநாட்டுப் பையன்கள் இருவர். ஒருவன் போனில் பேசிக்கொண்டிருந்தான். சின்ன வயதில் ஹிந்திப் பரீட்சைகள் எழுதியவள் என்பதால் எனக்குப் புரிந்தது. "சாப்பிட்டேன் அம்மா. சாப்பிட்டேன் என்கிறேனே. மழை பெய்தால் என்ன, எனக்கு மேலே கூரை இருக்கிறது. நீ சாப்பிடு." போனை வைத்துவிட்டு நண்பனிடம் சொன்னான்: "தினமும் இதே கேள்வி." இன்னும் தேநீர்கூட அவன் குடித்திருக்கவில்லை.

குலசேகரம் பள்ளிவாசலிலிருந்து மஃரிப் வாங்கு கேட்டது. டெம்போ வரவில்லை. கடையின் பின்பக்கம் இடம் கேட்டுத் தொழுதேன். என்ன ஓதினேன் என்று நினைவில்லை. கணவருக்குப் போன் செய்யலாமா என்று எடுத்து எடுத்து வைத்தேன். செய்தால் அவர் கடையை அடைத்துவிட்டுக் காரெடுத்து வருவார், இருட்டில் வேகமாக ஓட்டுவார், பிறகு எனக்குப் பயப்பட இரண்டு பேர்.

கடைசியில் மலைப்பக்கமிருந்து விளக்கு தெரிந்தது. டெம்போதான். ஓடிப்போய் நின்றேன். பின்னால் பெட்டிகள் அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தன. உள்ளேயிருந்து ஒரு ரீங்காரம். முன்னால் ஓட்டுநர் பைஜு, பக்கத்தில் ராஜமணி. வேறு யாரும் இல்லை.

"நஸ்ரின் எங்க?"

"அவ புஷ்பத்துக்க கூட நிக்கா டீச்சர். அவிய ரெண்டுபேரும் பின்னால ஸ்கூட்டர்ல வருவினும்."

"எங்க நிக்கா?"

"தோட்டத்துல."

எனக்குக் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "எனக்க பிள்ளையக் காட்டுல விட்டுட்டு ஈயக் கொண்டு வந்திருக்கியளா?"

ராஜமணி இறங்கி என் முன்னால் வந்து நின்றார். பாவம், அவருக்கும் முகம் வெளிறிவிட்டது. மழையில் மண்பாதை சேறாகிவிட்டது, இருட்டினால் டெம்போ இறங்காது, யானையும் நடமாடுகிற இடம் என்று பைஜு நெருக்கியிருக்கிறான். பெட்டிகளை அடைத்து ஏற்றிவிட்டார்கள். ஆனால் மழைக்கு இலைக்கடியில் ஒதுங்கிய தேனீக்கள் நிறையத் திரும்பியிருக்கவில்லை. அப்படி ஆகும்போது ஒரு பெட்டியை மட்டும் வாசல் திறந்தபடி பழைய இடத்தில் வைத்துவிடுவது இவர்கள் வழக்கம். வெளியே நின்றுபோனது எந்தப் பெட்டித் தேனீயானாலும் வந்து அதில் ஏறிக்கொள்ளும். பெட்டி இல்லாவிட்டால் வெறும் இடத்தைச் சுற்றிச் சுற்றிச் செத்துப்போகும்.

"அதுக்கு எனக்க மக எதுக்கு நிக்கணும்?"

"நான் போகச் சொன்னேன் டீச்சர். அவதான், புஷ்பம் அக்காவத் தனியா விட்டுட்டு வரமாட்டேன், கடைசி ஈ வரதுவரைக்கும் பாக்கணும்ணு நிண்ணுட்டா."

அவர் சொன்ன எல்லாவற்றிலும் என் காதில் நின்றது யானை என்ற ஒரு சொல்தான்.

"அண்ணே, பெட்டி அடைச்சு நிக்கப்பிடாது, உள்ள சூடாவும்" என்று பைஜு கூப்பிட்டான். ராஜமணி அவனை மட்டும் டெம்போவோடு அனுப்பினார். "ஏலே, நீ கொண்டு எறக்கு. நான் வரல்ல." வருஷம் முழுக்க அவர்கள் சம்பாத்தியம் அந்தப் பெட்டிகளில்தான் இருந்தது. அதை அனுப்பிவிட்டு என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். "வழி ஒண்ணுதான் டீச்சர். வந்தா இதுலயாக்கும் வரணும்" என்று இரண்டு முறை சொன்னார். எனக்கா, அவருக்கா என்று தெரியவில்லை. அங்கே நின்றது அவர் மனைவியும்தானே.

ஒரு பைக் வந்தது, பால்காரர். ஒரு ஆட்டோ, யாரோ. தங்கப்பன் கேட்காமலேயே கட்டன்சாயா கொண்டுவந்து வைத்தார். அந்த வடநாட்டுப் பையன் எழுந்து சாலை வளைவுவரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து, கையை விரித்தான். பிறகு மறுபடி போனான்.

நான் உட்கார்ந்திருந்தேன். சொல்லப்போனால் மங்கோலியா அப்போதே தொடங்கிவிட்டது. மகள் எங்கோ மலையில், மந்தை மேய்க்கிறவர்களோடு, போன் எடுக்காத இடத்தில். நான் ஒரு பெஞ்சில். இப்படித்தான் இருக்கும் என்று பயந்தேன், இப்படித்தான் இருந்தது. ஃபிலோமினா இந்நேரம் மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என்ன செய்துகொண்டிருப்பாள் என்று யோசித்தேன். சாயாவைக் குடித்தேன். இனிப்பே இல்லாமல் இருந்தது, சீனி போடச் சொன்னேன். அப்படிச் சொன்னது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

வளைவில் நின்ற பையன் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினான். அவனுக்குப் பின்னால் ஒற்றை விளக்கு.

புஷ்பம் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வந்தாள். பின்னால் நஸ்ரின், மடியில் ஒரு பெட்டி. நான் பெருநாளைக்கு எடுத்துக் கொடுத்த பட்டுத் துப்பட்டாவைக் கழற்றிப் பெட்டியைச் சுற்றிக் கட்டியிருந்தாள். தலையெல்லாம் ஈரம். முட்டிவரை சேறு. முகத்தில் மட்டும், அவள் பன்னிரண்டாம் வகுப்பில் மார்க் வந்த அன்று பார்த்த அந்தச் சிரிப்பு.

"எட்டீ" என்று ஆரம்பித்தேன்.

"உம்மா, ஏசாதீங்க. கொஞ்சம் இதப் பிடிங்க" என்று பெட்டியை என் மடியில் வைத்தாள். வீங்கிய காதோடு நான் அதைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே முனகல் கேட்டது, வெதுவெதுப்பாக இருந்தது. "கடைசில கொஞ்சம் ஈ வந்துது உம்மா. பறக்க முடியல்ல. நனஞ்ச றெக்கையோட நடந்தே வந்து வாசல்ல ஏறுச்சு. அது ஏறாம எப்படி வரது?"

ராஜமணி புஷ்பத்தின் பக்கத்தில் போய் நின்றார். ஸ்கூட்டர் சாவியைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் குனிந்து, பெட்டியின் வாசலில் அடைத்திருந்த துணி சரியாக இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"எங்க வீட்டுல எல்லாரும் வந்தாச்சு டீச்சர். உங்க வீட்டுலயும் வந்தாச்சு. இனி ரெண்டு வாசலையும் அடைக்கலாம்."